‘எல்லாருக்கும் உண்டு’ என்று எழுதிய போர்டு

வரிசையில் கடைசியாக நின்ற பெண் தாம்பாளத்தோடு வந்திருந்தார். அதில் வெற்றிலை பாக்கு, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு முழம் மல்லிகைப்பூ. நெற்றியில் குங்குமம். எங்கள் தேவாரம் ஊர் வேதக்கோயிலுக்குள் குங்குமம் வைத்த நெற்றியைப் பார்ப்பது அபூர்வம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு முறுக்கு வாங்க வருகிற பிள்ளைகளோடு சரி.

ஐப்பசி மாதத்து ஞாயிறு சாயங்காலம். மூன்றாவது வார வகுப்பு முடிந்திருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே தாள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர், வயது, உமக்குள்ள வரம் என்று மூன்று கட்டங்கள். கை கடுத்துப் போயிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெயரைக் கேட்டேன். பேச்சியம்மாள் என்றார். வயதைக் கேட்டேன். முப்பது இருக்கும் என்றார். என்ன வரம் என்று கேட்டேன்.

“பிள்ளை வரம்யா.”

பேனா நின்றுவிட்டது.

“மூணு வாரமாத் தவறாம வந்துட்டேன் வாத்தியாரய்யா. கல்யாணமாகி ஒம்பது வருசம் ஆச்சு. ஆம்பளப்பிள்ளைதான் வேணும்னு இல்ல. ஏதாச்சும் ஒண்ணு எழுதிக் குடுங்க.”

அந்த மூன்று வாரமும் கடைசித் தூணோரம் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டும் இருக்கிறேன். என் போதனையைக் கேட்டு ஒரு புது ஆத்துமா வந்திருக்கிறது என்று குருவானவருக்குக் கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அப்படிப்பட்ட முட்டாள் நான்.

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முணுமுணுத்தேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று கோயிலைப் பூட்டும்போது உள்ளே மல்லிகை வாசம் நிறைந்திருந்தது.

போர்டு எழுதிய கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கையெழுத்துப் பைத்தியம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சபையாருக்கு நான் உபதேசியார். ஊராருக்கு வேதக்கோயில் வாத்தியார். குருவானவர் போடியிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, கூரை ஒழுகினால் ஏறுவது எல்லாம் நான்தான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வேலை, வாசலில் இருந்த கறுப்புப் பலகையில் சாக்பீஸால் அறிவிப்பு எழுதுவது. அச்சடித்த மாதிரி இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடம் மதுரையில் நான்கு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஆவிக்குரிய வரங்களைப் பற்றிச் சபையாருக்கு எப்படிப் போதிப்பது என்ற பயிற்சி. கடவுள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வரத்தைக் கொடுத்திருக்கிறார், அது தனக்கென்று வைத்துக்கொள்ள அல்ல, மற்றவர்களுக்குப் பயன்பட, அது எதுவென்று கண்டுபிடிக்க வைப்பதே நம் வேலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். இருபத்தேழு வயது எனக்கு. தலைகால் தெரியாத உற்சாகத்தோடு, ஊதா மையில் சைக்ளோஸ்டைல் செய்த தாள்கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும் வரை என் வரம் என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன். போதிக்கும் வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊர் வந்த அன்றே போர்டில் எழுதினேன்: ‘வரங்கள் பெற வாருங்கள். எல்லாருக்கும் உண்டு. ஒருவருக்கும் இல்லை என்பதில்லை.’

என் மனைவி கிரேஸ் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்று அதை வாசித்தாள். அவள் சின்னமனூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

“எல்லாருக்கும்னு எழுதிட்டீக. கேட்டு வர்றவுகளுக்கு எல்லாம் குடுக்க உங்ககிட்ட இருக்கா?”

நான் சிரித்துக்கொண்டே ‘உண்டு’ என்பதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.

அந்தப் போர்டின் முன்னால்தான் பேச்சியம்மாள் தினமும் புல்லுக்கட்டோடு போய்வந்திருக்கிறார். வாசிக்கத் தெரியாது. முதல் நாள் டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். நம்பிக்கை வராமல் மறுநாள் ஒரு பஸ் கண்டக்டரிடம். அதற்கும் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றிடம். மூன்று பேரும் ஒரே மாதிரி வாசித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் உண்டு.

வரம் என்ற சொல்லை எங்கள் வேதத் தமிழில் பழகிப் பழகி, ஊருக்குள் அதற்கு என்ன பொருள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிற பெண்ணிடம் போய் வரம் என்றால் என்னவென்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பாஷை தெரிந்தவர்கள்

சபையார் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. இரண்டாம் வாரம், பலவித பாஷைகளைப் பேசும் வரம் இங்கே யாருக்காவது உண்டா என்று கேட்டேன். மதுரையில் இந்தக் கேள்விக்கு ஒரு கைகூட எழவில்லை. தேவாரத்தில் பாதிக் கோயில் கையைத் தூக்கியது.

மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் மலையாளம் வரும். நாலு வீட்டில் தெலுங்கு. ஒருவருக்குக் கன்னடமும் சேர்த்து மூன்று. மளிகைக்கடை ஞானமுத்து அண்ணாச்சி, தனக்கு உருதுகூடக் கொஞ்சம் வரும், பேரீச்சம்பழ வியாபாரிகளிடம் பேசிப் பழக்கம் என்றார். இது அந்தப் பாஷை இல்லை, அது கற்காமலே ஆவியால் வாயில் வருகிற பாஷை என்று விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர், “அப்ப கத்துக்கிட்டுப் பேசுனா வரம் இல்லையா உபதேசியாரே? சிரமப்பட்டுல்ல கத்துக்கிட்டோம்” என்று கேட்டார்.

தாளில் இருந்த கேள்விகளும் எங்கேயோ சீமையில் எழுதித் தமிழாக்கியவை. ‘புதியவரைக் கண்டால் தாமாக முன்சென்று கைகுலுக்குவீரா?’ என்று ஒன்று. தையல்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பெண்கள் பக்கத்தை ஒரு பார்வை பார்த்து, அடி வாங்கிக் கொடுக்கவா என்று கேட்டார். சிரித்து முடிக்கவே அன்றைய வகுப்பு நேரம் சரியாகிவிட்டது.

அந்தச் சிரிப்பிலெல்லாம் கடைசித் தூணோரம் இருந்த பேச்சியம்மாள் சேரவில்லை. கூட்டம் கலைய வேண்டும், தன் முறை வர வேண்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

அழிக்கிறதும் நீதான்

தாம்பாளம் வந்த மறுநாளே போடிக்குப் போய்க் குருவானவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. போர்டை எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“அப்ப அழிக்கிறதும் நீதான்.”

திரும்பி வந்து போர்டை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

கிரேஸ் அதற்குள் குழாயடியில் விசாரித்து வைத்திருந்தாள். பேச்சியம்மாளின் கணவர் மொக்கராசு, கடலை போடுகிற சம்சாரி, அதாவது விவசாயி. அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் தம்பிக்கு இரண்டாம் தாரமாகப் பொட்டிப்புரத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. தைக்கு இன்னும் மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. பேச்சியம்மாள் எங்கள் கோயில் படியேறியது அதனால்தான்.

கடவுள் பெயரால் ஒரு பெண்ணுக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிட்டேன். நல்ல கையெழுத்தில், கோடு வேறு போட்டு.

நான்காம் ஞாயிறு, வகுப்புக்கு முன்பே வாசல் கேட்டில் அவரை நிறுத்திச் சொல்லிவிட்டேன். இது பிள்ளை வரம் இல்லை. அதைத் தருகிற சக்தி எனக்கு இல்லை. அடுத்தவர்களுக்கு உதவுவதற்காகக் கடவுள் மனுஷருக்குள் வைக்கிற திறமையைப் பற்றிய வகுப்பு இது. தப்பு என்னுடையது என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு துடைத்துக் கிடந்த போர்டைப் பார்த்தார்.

“அப்ப எல்லாருக்கும் உண்டுன்னு இங்கன போட்டுருந்தது பொய்யா?”

“பொய் இல்லம்மா. அது வேற வரம்.”

“வேறயாவே இருக்கட்டும். எனக்குள்ளது எதுன்னு எழுதிக் குடுங்க. வெறுங்கையா நான் வீட்டுக்குப் போக முடியாது.”

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போய் அதே தூணோரம் உட்கார்ந்துகொண்டார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் இந்த வரங்கள் என்று பயிற்சியில் திட்டமாகச் சொல்லியிருந்தார்கள். அவரைப் பற்றிக் கிரேஸ் சொன்னதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. என்ன எழுதுவது?

பக்கத்தில் இருப்பவர்

அன்று நடந்த கடைசி வகுப்பில், தன் வரத்தைத் தானே சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவருடைய வரத்தைத்தான் சொல்ல வேண்டும் என்பது முறை. ஆண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் புகழ்ந்து முடித்தார்கள். பெண்கள் பக்கம் சுற்றி வந்து கடைசியில் ரூத் அக்காவிடம் நின்றது. அவருக்குப் பக்கத்தில் இருந்தது பேச்சியம்மாள்.

ரூத் அக்கா கணவரை இழந்தவர். நாலு வருடம் முந்தி, பதினெட்டு வயது மகளையும் காய்ச்சலில் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவார், பாடமாட்டார், பேசமாட்டார். அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அதற்குள் ஞானமுத்து அண்ணாச்சி எழுந்துவிட்டார். வேதத்துக்கு வராதவர்களுக்கு எப்படி வரம் இருக்க முடியும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் ரூத் அக்கா எழுந்து நின்றார்.

“எம் மக செத்தப்ப நீங்க எல்லாரும் வந்தீக. கர்த்தர் சித்தம்னு சொன்னீக. ஜெபம் பண்ணுனீக. மூணாம் நாளு அவுகவுக சோலியப் பாக்கப் போயிட்டீக. தப்புச் சொல்லல. இவ நாலாம் நாளு வந்தா. யாருன்னே எனக்குத் தெரியாது. மடியில முருங்கைக்கீரை வச்சிருந்தா. சுவத்துல சாஞ்சு உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம அம்புட்டையும் உருவி, மொறத்துல போட்டுட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போயிட்டா. மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும். அழுதா அழ விட்டா. கத்துனா கத்த விட்டா. ஒருநாள் எனக்கு என்னமோ தோணி, ‘நீ சாப்ட்டியாத்தா?’ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனா. மறுநாள்லருந்து வரல.”

ரூத் அக்கா என்னைப் பார்த்து, “இதுக்கு உங்க தாள்ல என்ன பேரு உபதேசியாரே?” என்று கேட்டார்.

இரக்கம் என்று ஒரு வரி தாளில் இருந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“இரக்கம் வேண்டியமட்டும் கெடச்சுது. தெருவே இரக்கப்பட்டுச்சு. இது அது இல்ல.”

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தணிந்த குரல் ஒன்று வந்தது. ஞானமுத்து அண்ணாச்சியின் மனைவி. “எங்க வீட்டுக்கும் வந்துச்சு” என்றார். அண்ணாச்சியின் தம்பி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்தபோது, ஒரு மாதத்துக்கு மேல், கீரையோடு. மாமியார்தான் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டாராம். அதோடு நின்றுவிட்டதாம். அண்ணாச்சி திரும்பித் தன் மனைவியையே பார்த்தார். கடையில் இருந்த அவருக்கு இது எதுவும் தெரியாது.

பிறகு தையல்காரர் எழுந்தார். அவர் அப்பா தவறினபோது. அதற்குப் பிறகு இன்னொருவர். அன்று அந்தச் சின்னக் கோயிலுக்குள் மட்டும் ஏழு வீடு. ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அவர் வந்தார் என்று நினைத்திருந்தார்கள். அத்தனை வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. நாலாம் நாள் வந்திருக்கிறார். துக்கத்தில் கிடந்தவர் முதல் தடவையாக அடுத்தவர் பசியை விசாரித்த அன்று நிறுத்தியிருக்கிறார்.

மலையடிவாரத்தில் பகல் முழுக்கக் கடலைக்காட்டில் களை எடுத்துவிட்டு, சாயங்காலம் ஒரு பிடி கீரையோடு இந்த ஊரின் துக்கத்தை எல்லாம் ஒருத்தர் சுற்றி வந்திருக்கிறார். நான் தாள்கட்டோடு மதுரையிலிருந்து வரம் கொண்டுவந்து இறக்கினேன்.

ஏனம்மா அப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் அவருக்கு வெட்கமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நல்லது நடக்குற வீட்டுக்கு என்னையக் கூப்பிட மாட்டாக. வளைகாப்பு, தொட்டில் போடுறதுன்னா, போனாலும் மொகம் சுளிப்பாக. சாவு வீட்டுல யாரும் யாரையும் வரவேணாம்னு சொல்ல மாட்டாக. அங்கனதான் நான் போகலாம். அதான் போனேன்.”

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த அழைப்பு ஒருபோதும் வராதவருடைய கணக்கில் அந்தப் பழமொழிக்கு என்ன பொருள் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஞானமுத்து அண்ணாச்சி மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எழுதுங்கள் உபதேசியாரே என்றார்.

புதுத் தாள் எடுத்தேன். பேச்சியம்மாள், வயது முப்பது. மூன்றாவது கட்டத்தில், பட்டியலில் இல்லாத ஒன்றை என் கையெழுத்தில் எழுதினேன்: ‘துக்க வீட்டில் துணையிருத்தல்.’ வாசித்துக் காட்டினேன். அவர் அதை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளை வரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. போகும்போது முகம் வாடித்தான் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை

மறுநாள் காலை மொக்கராசு சைக்கிளைக் கேட்டில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் அந்தத் தாள். உயரமான ஆள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கிரேஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இது நீங்க எழுதினதா?”

ஆமாம் என்றேன்.

“முத்திரை இல்லையே?”

எனக்கு விளங்கவில்லை. அவர் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, நிதானமாக விளக்கினார்.

“எங்கண்ணங்க முத்திரை இல்லாத காயிதத்தை நம்ப மாட்டாக. ஒண்ணுக்கும் ஆகாத பொம்பளன்னு சொல்லிச் சொல்லித்தான் பரிசத்துக்கு நிக்கிறாக. எங்க ஆத்தா போனப்போ எங்கய்யா சோறு தண்ணி இல்லாமக் கிடந்தாரு. அவரை எந்திரிக்க வச்சவ இவ. இதை நான் சொன்னா பொண்டாட்டிதாசன்னு சிரிப்பாக. எழுத்துல இருந்தா பேச மாட்டாக. முத்திரை போட்டுக் குடுங்க.”

சபையின் ரப்பர் முத்திரை ஞானஸ்நானச் சான்றுக்கும் கல்யாணச் சான்றுக்கும் மட்டும் உள்ளது. குருவானவர் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. எடுத்தேன். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் குத்தினேன். அவசரத்தில் சாய்வாக விழுந்துவிட்டது. எதற்கும் இன்னொரு இடத்திலும் போடச் சொன்னார். போட்டேன். மை காயும்வரை ஊதிக்கொண்டே அதைப் பிடித்தபடி நின்றார்.

அந்தத் தாள்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். தையில் பரிசம் போடவில்லை. பொட்டிப்புரத்துப் பெண்ணை மாசியில் வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பேச்சியம்மாளுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அவர் வேதத்துக்கும் வரவில்லை. சித்திரையில் வீரபாண்டிக்கு அக்கினிச்சட்டி எடுப்பதை ஒரு வருடமும் விடவில்லை. முத்திரை விஷயம் தெரிந்து குருவானவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த முறை மைப்பெட்டியைக் காயவிடாதே என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமும் தள்ளி வந்தேன்.

அதற்கு மூன்று வருடம் கழித்து எங்கள் மூத்த மகன், ஒன்றரை வயதில், மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். சபையார் வந்தார்கள். நான் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தைகளை எல்லாம் எனக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். கிரேஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை. அத்தனை வாயாடி, ஒரு சொல் பேசவில்லை. அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. போதிக்கும் வரம் பெற்றவன் நான்.

நாலாம் நாள் சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தார். உருவின காம்புகளைப் பக்கத்தில் சேர்த்து வைத்தார். பச்சைக் கீரை வாசம் வீட்டுக்குள் பரவியது. இருட்டும் நேரத்துக்கு எழுந்து போனார். மறுநாளும் வந்தார். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. நடுவில் ஒருநாள் கிரேஸ் எழுந்து உட்கார்ந்தாள். இன்னொரு நாள் அவளும் ஒரு இணுக்கை எடுத்து உருவினாள்.

ஒரு சாயங்காலம் நான் வாசலில் நின்றபோது உள்ளே கிரேஸின் குரல் கேட்டது. நாள்கணக்கில் பேசாமல் கரகரத்துப் போயிருந்த குரல்.

“பேச்சியக்கா, சாப்ட்டீகளா?”

பேச்சியம்மாள் தலையை ஆட்டினார். மீதிக் கீரையையும் உருவி முறத்தில் போட்டார். எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை.